கூட்டிப் பார்க்காத அனுமதி: நியூயார்க்கின் குப்பை மாற்று நிலையங்கள்

நகரங்களின் வரலாறு என்றதும் நாம் முதலில் தேடுவது கோட்டைகளையும் துறைமுகங்களையும் மாளிகைகளையும்தான். அந்த நகரங்களின் கழிவு எந்த வழியாக வெளியேறியது என்று எழுதியவர்கள் குறைவு. கழிவைக் கையாள ஓர் இடத்துக்கு அரசு வழங்கும் இயக்க அனுமதியை வரலாற்று ஆவணமாக எடுத்துப் படித்தவர்கள் அதைவிடக் குறைவு. எண்களும் நிபந்தனைகளும் நிறைந்த வறண்ட நடை, கீழே கையொப்பம், முத்திரை, காலாவதியாகும் தேதி. அதில் படிக்க என்ன இருக்கிறது என்றே நமக்குத் தோன்றும். ஆனால் ஒரு நகரம் தன் மக்களில் யாரை எப்படிக் கணக்கில் வைத்திருக்கிறது என்பதை, அதன் சாசனங்களைக் காட்டிலும் இத்தகைய காகிதங்கள் நேர்மையாகச் சொல்லிவிடுவதுண்டு. நியூயார்க் நகரத்தின் குப்பை மாற்று நிலையங்களுக்கு வழங்கப்பட்ட அனுமதிகள் அப்படிப்பட்டவை.

குப்பை மாற்று நிலையம் என்பது குப்பையின் இறுதி இடமன்று. அது ஒரு சத்திரம். தெருத்தெருவாகச் சென்று குப்பை அள்ளும் லாரிகள் அங்கே வந்து ஒரு பெரிய கூடத்தின் தளத்தில் கொட்டுகின்றன. கொட்டியதை இயந்திரங்கள் அள்ளி நெடுந்தூர லாரியிலோ ரயில் பெட்டியிலோ படகிலோ ஏற்றுகின்றன. பிறகு அது நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள குப்பைக் கிடங்குக்கோ எரிஉலைக்கோ போய்ச் சேர்கிறது. ‘மாற்று’ என்ற சொல்லில் ஓர் ஆறுதல் ஒளிந்திருக்கிறது. எதுவும் அங்கே தங்குவதில்லை, எல்லாம் கடந்து போகிறது என்பதே அது. குப்பை கடந்து போவது உண்மைதான். லாரிகளின் புகையும், இரைச்சலும், தரையில் வழியும் கழிவுநீரின் நாற்றமும் அப்படிக் கடந்து போவதில்லை. சத்திரத்துக்கு அடுத்த வீட்டில் இருப்பவர்களுக்கு வழிப்போக்கர்கள் ஒருபோதும் தீர்வதில்லை அல்லவா?

இத்தகைய நிலையம் ஒன்றை நியூயார்க்கில் நடத்த இரண்டு அதிகாரங்களிடம் இசைவு பெற வேண்டும். ஒன்று, மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை. மாநில விதித்தொகுப்பின் 360-ஆம் பகுதி திடக்கழிவு நிலையங்களைப் பற்றியது. 2017-இல் அது விரிவாகத் திருத்தி எழுதப்பட்டது. மற்றொன்று நகரத் துப்புரவுத் துறை; அது தரும் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அழுகும் குப்பைக்கு ஒரு வகை அனுமதி, கட்டட இடிபாடுகளுக்கு இன்னொரு வகை, மண்ணும் கல்லும் போன்ற நிரப்புப் பொருள்களுக்கு வேறொன்று. ஒரு நாளைக்கு எத்தனை டன் பெறலாம், எந்த நேரத்தில் இயங்கலாம், எவ்வளவு நேரம் குப்பையைத் தரையில் வைத்திருக்கலாம், நாற்றத்தை எப்படி அடக்குவது, எலிகளை எப்படித் தடுப்பது, லாரிகள் தெருவில் வரிசை கட்டாதிருக்க என்ன ஏற்பாடு என்றெல்லாம் நிபந்தனைகள் வரையப்படும். எல்லாவற்றிலும் முக்கியமானது அந்த டன் கணக்கு. அனுமதியின் உயிர் அந்த ஒற்றை எண்ணில்தான் இருக்கிறது. அதை யார், எந்த இடத்துக்கு, எதைப் பார்த்து எழுதினார்கள் என்பதே நாம் பேசவந்த கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க்குக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. கடல் இருந்தது. துறைகளில் படகுகளில் ஏற்றப்பட்ட குப்பை வெளிக்கடலில் கொட்டப்பட்டது. அலை அதில் ஒரு பங்கை அண்டை மாநிலமான நியூ ஜெர்ஸியின் கரைகளுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. 1895-இல் தெருத் துப்புரவு ஆணையராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் வாரிங், உள்நாட்டுப் போரில் படைநடத்தியவர். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வெள்ளைச் சீருடை அணிவித்து, தெருக்களை ஓர் இராணுவத்தின் ஒழுங்கோடு பெருக்கவைத்தார். சமையலறைக் கழிவையும் சாம்பலையும் பிற குப்பையையும் வீடுகளிலேயே பிரித்துத் தரச் சொன்னார். தெருவைச் சுத்தமாக்குவதில் அவர் பெற்ற வெற்றி மகத்தானது. ஆயினும் அவர் காலத்துக்குப் பின்னும் கடல் நெடுநாள் குப்பைத்தொட்டியாகவே இருந்தது. நியூ ஜெர்ஸி மாநிலம் வழக்குத் தொடுத்தது. 1931-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடலில் கொட்டுவது தவறு என்று தீர்ப்பளித்தது. 1934 ஜூலையோடு நகரத்தின் குப்பைக்குக் கடலின் கதவு மூடப்பட்டது.

கடல் மூடிய பிறகு நகரம் நிலத்தின் ஓரங்களைத் தேடியது. 1948-இல் ஸ்டாட்டன் தீவின் சதுப்பு நிலத்தில் ஃப்ரெஷ் கில்ஸ் குப்பைக் கிடங்கு திறக்கப்பட்டது. நகரத்தின் சாலைகளையும் பூங்காக்களையும் பாலங்களையும் தன் விருப்பப்படி வரைந்த ராபர்ட் மோசஸின் திட்டங்களில் அதுவும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு மட்டுமே என்று சொல்லித் தொடங்கியது, அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஏறத்தாழ 2,200 ஏக்கர் பரப்பில் குப்பை மலைகளாக எழுந்தது. 1986-87 காலத்தில் அங்கே நாளொன்றுக்கு 29,000 டன் வரை வந்து சேர்ந்தது. அதன் பெரும்பகுதி தண்ணீர் வழியாகவே வந்தது. நகரின் கரையோரங்களில் இருந்த எட்டு கடல்வழி மாற்று நிலையங்களில் லாரிகள் நேராகப் படகுகளுக்குள் கொட்டும். இழுவைப் படகுகள் அவற்றை ஃப்ரெஷ் கில்ஸுக்கு இழுத்துச் செல்லும். ஸ்டாட்டன் தீவுக்காரர்களுக்கு அது பெரும் அநீதி. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எட்டு நிலையங்களும் நகரின் பல பகுதிகளில் பரவியிருந்தன. மன்ஹாட்டனில் மட்டும் மூன்று. செல்வந்தரின் குப்பையும் ஏழையின் குப்பையும் அவரவர் அருகிலுள்ள கரைவழியே வெளியேறின.

இந்த ஏற்பாடு எப்படிக் குலைந்தது என்பதை அறிய இன்னொரு பிரிவினையை நாம் பார்க்க வேண்டும். 1957-இல் நகரம் கடைகள், உணவகங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றின் குப்பையை அள்ளுவதை நிறுத்திக்கொண்டது; அது தனியார் குப்பை வண்டிக்காரர்களின் தொழிலாயிற்று. வீட்டுக் குப்பை நகரத்தின் பொறுப்பு, வணிகக் குப்பை தனியாரின் பொறுப்பு. விரைவிலேயே அந்தத் தொழில் குற்றக் கும்பல்களின் பிடிக்குள் போனது. வாடிக்கையாளர்களைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டு, விலையையும் தாங்களே வைத்தார்கள். அந்தப் பிடி தளர 1995-இல் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் தொடுத்த பெரும் குற்றவழக்கும், 1996-இல் நகரம் இயற்றிய உரிமச் சட்டமும் தேவைப்பட்டன.

இதற்கிடையில் 1987-இல் ‘மோப்ரோ 4000’ என்ற குப்பைப் படகின் பயணம் உலகுக்கே வேடிக்கையாயிற்று. நியூயார்க் பகுதியிலிருந்து 3,000 டன்னுக்கு மேல் குப்பையுடன் மார்ச் மாதம் புறப்பட்ட அது, வட கரோலினாவில் இறக்க முடியாமல் தெற்கே போனது. லூசியானா, மெக்ஸிகோ, பெலீஸ் என எங்கும் ஏற்பார் இல்லை. கடைசியில் திரும்பிவந்து, புரூக்ளினில் எரிக்கப்பட்டது. தொலைக்காட்சிகள் சிரித்தன. அனுமதி இல்லாத குப்பை ஓர் அகதிக்கு ஒப்பானது என்பதை அந்தப் படகு காட்டியது என்று நமக்குத் தோன்றுகிறது. இனிமேல் குப்பை எங்கே தங்கினாலும் அதற்கு யாரோ ஒருவர் கையெழுத்திட்டாக வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1988-இல், ஃப்ரெஷ் கில்ஸில் கொட்டுவதற்குத் தனியார் வண்டிக்காரர்கள் செலுத்தும் கட்டணத்தை நகரம் கடுமையாக உயர்த்தியது. கிடங்கின் ஆயுளை நீட்டுவதே நோக்கம்; தன்னளவில் நியாயமான நோக்கம்தான். ஆனால் தண்ணீருக்கு ஒரு மடையை அடைத்தால் அது இன்னொன்றைக் கண்டுபிடிக்கும். வண்டிக்காரர்கள் வேறு மாநிலங்களின் மலிவான கிடங்குகளை நாடினார்கள். அங்கே அனுப்ப, குப்பையைப் பெரிய லாரிகளுக்கு மாற்றியேற்ற நகருக்குள் இடம் தேவைப்பட்டது. 1961-ஆம் ஆண்டின் மண்டலச் சட்டம் சில பகுதிகளை உற்பத்தி மண்டலங்கள் என்று வகுத்திருந்தது. மாற்று நிலையங்கள் அங்கேதான் அமைய முடியும். சவுத் ப்ராங்ஸின் ஹண்ட்ஸ் பாயிண்ட், மாட் ஹேவன். வட புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க், க்ரீன்பாயிண்ட். தென்கிழக்கு குயீன்ஸின் ஜமைக்கா. நிலம் மலிவு, நெடுஞ்சாலை அருகில். பழைய கிடங்குகளிலும் வெட்டவெளிகளிலும் தனியார் மாற்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன.

வரைபடத்தில் உற்பத்தி மண்டலம் என்று ஒரே நிறம் தீட்டப்பட்டிருந்த இடங்களை ஒட்டியும் அவற்றின் நடுவிலும் மனிதர்கள் வாழ்ந்தார்கள். பெரும்பாலும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள், கறுப்பினத்தவர், மற்ற இலத்தீன் அமெரிக்கக் குடியேறிகள். மோசஸ் வரைந்த நெடுஞ்சாலைகள் சவுத் ப்ராங்ஸைக் கூறுபோட்டிருந்தன. 1970-களில் கட்டடங்கள் எரிந்து, பணக்கார நகரத்தால் கைவிடப்பட்ட பகுதி அது. எரிந்த மனைகளில் மீண்டும் வீடுகள் எழும்பத் தொடங்கிய வேளையில்தான் குப்பை லாரிகள் வந்தன.

அரசு வாளாவிருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1990-இல் நகர்மன்றம் இயற்றிய 40-ஆம் எண் சட்டம் மாற்று நிலையங்களுக்கான அனுமதி முறையை இறுக்கியது. எங்கே அமையலாம், எங்கே அமையக்கூடாது என்ற விதிகளை உருவாக்குமாறு துப்புரவுத் துறைக்குக் கட்டளையும் இட்டது. மாநிலமும் தன் விதிகளைக் கடுமையாக்கியது. சீர்கேடான பல நிலையங்கள் மூடப்பட்டன. எஞ்சியவை கூரைக்குக் கீழ் வந்தன. ஆனால் இடம் பற்றிய விதிகள் வரவில்லை. ஆண்டுகள் கடந்தன. குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றப் படியேறிய பிறகு, 1998-இல்தான் அவை வெளியாயின. அந்த எட்டு ஆண்டுகளில் அமைய வேண்டியவை அமைந்து முடிந்திருந்தன. புதிய விதிகள் புதியவர்களைத் தடுத்தன; ஏற்கெனவே குவிந்திருந்ததை அவை கலைக்கவில்லை.

அனுமதி எப்படி எழுதப்பட்டது என்பதை இங்கே நாம் சற்று நின்று பார்க்கலாம். 1975-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, ஒரு திட்டம் சுற்றுச்சூழலைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கக்கூடும் என்றால் முழுமையான தாக்க அறிக்கை தயாரிக்கப்பட வேண்டும். பாதிக்காது என்று அனுமதி தரும் துறையே முடிவுசெய்தால், அதற்கென ஓர் அறிவிப்பு வெளியிட்டுவிட்டு மேலே செல்லலாம். விண்ணப்பிக்கும் நிலையம் இவ்வளவு டன் கேட்கிறது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு இத்தனை லாரிகள் வரும். ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் லாரிகள் ஓடும் சாலையில் இந்தச் சில லாரிகள் கூடுவது குறிப்பிடத்தக்கதன்று. கணக்கில் பிழையில்லை. அடுத்த நிலையத்துக்கும் இதே கணக்கு, அதற்கடுத்ததற்கும் இதே. ஒவ்வொரு அனுமதியும் முந்தைய அனுமதிகளின் விளைவைச் சாலையின் இயல்பு நிலையாக எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்குப் புதிய சுமை சிறியதாகத் தெரிந்தது. கூட்டுத் தாக்கத்தைக் கருத வேண்டும் என்ற எண்ணம் சட்ட ஏட்டில் அறவே இல்லாமலில்லை. ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு வேலிக்குள்ளும் தனித்தனியே அளந்தார்கள். வேலிகளுக்கு வெளியே நடப்பவற்றைக் கூட்டும் பொறுப்பு எந்த மேசையிலும் வைக்கப்படவில்லை.

இந்தக் குருட்டுப்புள்ளி நியூயார்க்குக்கு மட்டும் உரியதன்று. 1979-இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில், கறுப்பினத்தவர் வாழும் நார்த்வுட் மேனர் பகுதியில் குப்பைக் கிடங்கு ஒன்றுக்கு மாநிலச் சுகாதாரத் துறை அனுமதி தந்தது. குடியிருப்போர் வழக்குத் தொடுத்தனர். நகரத்தின் கிடங்குகள் எங்கெங்கே வைக்கப்பட்டன என்ற தரவைச் சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் திரட்டித் தந்தார். சுற்றுச்சூழல் நீதி என்று பின்னாளில் பெயர்பெற்ற துறையின் தொடக்கங்களில் அந்தத் தேடலும் ஒன்று. வேண்டுமென்றே இனப்பாகுபாடு காட்டப்பட்டது என்று நிறுவப்படவில்லை எனச் சொல்லி நீதிபதி இடைக்காலத் தடையை மறுத்தார். அதே தீர்ப்பில், அனுமதி தரும் பொறுப்பு தம்மிடம் இருந்திருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன் என்றும், குளிரூட்டும் வசதியற்ற ஓர் உயர்நிலைப் பள்ளியின் அருகில் கிடங்கு வைப்பதில் பொருளில்லை என்றும் அவர் எழுதினார். தீங்கு கண்ணுக்குத் தெரிகிறது, அதைப் பிடிக்கச் சட்டத்தில் கொக்கி இல்லை. நாற்பது ஆண்டுப் போராட்டத்தை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

நியூயார்க்கில் நிலைமை இன்னும் மோசமாவதற்கு ஒரு நல்ல செய்தி காரணமாயிற்று. 1996-இல் ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கியும் மேயர் ருடால்ஃப் ஜூலியானியும் ஃப்ரெஷ் கில்ஸ் 2001 முடிவுக்குள் மூடப்படும் என்று அறிவித்தார்கள்; சட்டமும் இயற்றப்பட்டது. ஸ்டாட்டன் தீவுக்கு அது நெடுங்காலத் தவத்தின் பலன். ஆனால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டன் வீட்டுக் குப்பை வேறெங்கே போகும்? அதற்கான திட்டம் முழுமையாக இல்லாமலே மூடல் தொடங்கியது. 1997-இல் ப்ராங்ஸின் குப்பை முதலில் திருப்பிவிடப்பட்டது. பிறகு மற்றப் பகுதிகள். 2001 மார்ச் 22 அன்று கடைசிப் படகு ஃப்ரெஷ் கில்ஸை அடைந்தது. கரையோர மாற்று நிலையங்கள் ஓய்ந்தன. வீட்டுக் குப்பையின் கணிசமான பகுதி தனியார் நில நிலையங்களை நோக்கி லாரிகளில் ஓடத் தொடங்கியது. வணிகக் குப்பையை ஏற்கெனவே சுமந்திருந்த அதே தெருக்கள் இப்போது வீட்டுக் குப்பையையும் சுமந்தன. மன்ஹாட்டனில் அப்போது இயங்கும் குப்பை மாற்று நிலையம் ஒன்றுகூட இல்லை. சவுத் ப்ராங்ஸின் இரண்டு வட்டாரங்கள், வட புரூக்ளினில் ஒன்று, தென்கிழக்கு குயீன்ஸில் ஒன்று: நகரத்தின் 59 சமூக வட்டாரங்களில் இந்த நான்கில் மட்டும், அனுமதிக்கப்பட்ட மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குவிந்திருந்தது.

குடியிருப்போர் கூட்டல் கணக்கைத் தாங்களே போடத் தொடங்கினார்கள். தெருமுனைகளில் நின்று லாரிகளை எண்ணினார்கள். பொது விசாரணைகளில் அனுமதி விண்ணப்பங்களைப் பக்கம் பக்கமாகப் படித்து எதிர்த்தார்கள். 1991-இல் உருவான நியூயார்க் நகரச் சுற்றுச்சூழல் நீதிக் கூட்டணி இந்தச் சிதறிய குரல்களை இணைத்தது. ஹண்ட்ஸ் பாயிண்டில் வரவிருந்த பெரும் கழிவு நிலையத்தை எதிர்த்தவர்களுள் ஒருவரான மஜோரா கார்ட்டர், 2001-இல் ‘சஸ்டெயினபிள் சவுத் ப்ராங்ஸ்’ அமைப்பை நிறுவினார். குப்பை கொட்டப்பட்டுக் கிடந்த ஓர் ஆற்றங்கரைத் தெருமுனை, அவர் முயற்சியால் பூங்காவாயிற்று. இன்னதை வேண்டாம் என்று சொன்னவர்கள் இன்னதை வேண்டும் என்றும் சொன்னார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

மத்திய அரசின் காதுக்கும் இது எட்டியது. 1994-இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணை, ஏழைகளும் சிறுபான்மையினரும் சுற்றுச்சூழல் சுமையைக் கூடுதலாகச் சுமக்கிறார்களா என்று பார்க்குமாறு துறைகளைப் பணித்திருந்தது. தேசிய ஆலோசனைக் குழு ஒன்று, நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் மாற்று நிலையங்களை நேரில் பார்த்து, 2000-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. குவிப்பைத் தடுக்க, இடத்தேர்வும் இயக்கமும் ஒருசேரக் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 2003-இல் மாநிலத் துறை, அனுமதி வழங்கும்போது சுற்றுச்சூழல் நீதியைக் கருதும் கொள்கை ஒன்றை வெளியிட்டது. விண்ணப்பதாரர் சுற்றுவட்டார மக்களிடம் முன்கூட்டியே பேச வேண்டும். விவரங்களை அவர்களுக்குப் புரியும் வகையில் தர வேண்டும். பேசலாம், கேட்கலாம். மறுக்கும் வலிமை அந்தக் கொள்கைக்கு இருக்கவில்லை.

கூட்டுத்தொகையை அளக்கும் கருவி ஒன்று வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சவுத் ப்ராங்ஸின் நான்கு பள்ளிகளில் ஆஸ்துமா உள்ள 40 பிள்ளைகளைத் தேர்ந்து, காற்றை அளக்கும் கருவிகளைப் பையில் வைத்துத் தந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அந்தப் பையோடு வீட்டுக்கும் பள்ளிக்கும் தெருவுக்கும் போய்வந்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வு முடிவு கவனிக்கத்தக்கது. காற்றிலுள்ள நுண்துகளின் மொத்த அளவைவிட, டீசல் புகையின் கரியே பிள்ளைகளின் மூச்சிரைப்போடும் பிற அறிகுறிகளோடும் தெளிவான தொடர்பு காட்டியது. அந்தக் கரி முழுவதும் குப்பை லாரிகளினுடையதன்று; நெடுஞ்சாலையும், ஹண்ட்ஸ் பாயிண்டின் பெரிய உணவுச் சந்தையின் லாரிகளும் அதில் உண்டு. எது யாருடைய கரி என்று நுரையீரல் பிரித்துப் பார்ப்பதில்லை. அனுமதிகள் வேலிக்குள் தனித்தனியே அளந்ததை, அந்தப் பிள்ளைகளின் முதுகுப்பைகள் ஒன்றாகக் கூட்டி அளந்தன.

2006-இல் மேயர் ப்ளூம்பெர்க் ஆட்சியில் நகர்மன்றம் இருபதாண்டுக் கழிவுத் திட்டத்தை ஏற்றது. பழைய கடல்வழிக்குத் திரும்புவது அதன் மையம். கரையோர நிலையங்கள் புதிதாகக் கட்டப்படும். குப்பை மூடிய பெட்டிகளில் அடைக்கப்பட்டுப் படகிலும் ரயிலிலும் போகும். ஒவ்வொரு பெருநகரப் பகுதியும் தன் குப்பையைத் தானே கையாளும். நான்கு கரையோர நிலையங்களில் ஒன்று மன்ஹாட்டனின் கிழக்கு 91-ஆம் தெருவுக்கு வந்தது. நகரின் வளமான குடியிருப்புகள் சூழ்ந்த இடம்; பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடும் பெரிய திடல். எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. வழக்குகள், அனுமதி ஆட்சேபங்கள், தேர்தல் வாக்குறுதிகள். அவர்கள் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. பிள்ளைகள், காற்று, லாரிகள் என ஹண்ட்ஸ் பாயிண்டின் தாய்மார்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவைதாம் அவை. வேறுபாடு, அனுமதி ஆவணத்தைப் படித்து அதில் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்க ஆள் வைத்துக்கொள்ளும் வசதியில் இருந்தது. குயீன்ஸின் நிலையம் 2015-இலும், புரூக்ளினின் இரண்டு 2017, 2018-இலும் திறந்தன. 91-ஆம் தெரு நிலையம் 2019 மார்ச்சில்தான் திறந்தது. திட்டம் ஏற்கப்பட்டதிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். ஒரு நிலையத்தை நிறுத்த முடியாவிட்டாலும், தாமதிக்க வைப்பதுகூட ஒரு செல்வம்தான்.

இந்தத் திட்டம் வீட்டுக் குப்பைக்கானது. வணிகக் குப்பை இன்னும் பழைய தெருக்களில்தான் ஓடியது. அதற்கான விடை 2018-இல் வந்தது. அந்த ஆண்டு நகர்மன்றம் இயற்றிய 152-ஆம் எண் சட்டம், மேலே சொன்ன நான்கு வட்டாரங்களைக் குறிவைத்தது. வட புரூக்ளின் நிலையங்களின் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு 50 விழுக்காடும், சவுத் ப்ராங்ஸ், தென்கிழக்கு குயீன்ஸ் நிலையங்களின் கொள்ளளவு 33 விழுக்காடும் குறைக்கப்பட வேண்டும். 2019-இலிருந்து அனுமதிகள் புதுப்பிக்கப்பட்டபோது அந்த எண்கள் திருத்தப்பட்டன. ரயில் வழியே அனுப்புவோருக்கும் மறுசுழற்சிக்கும் விலக்குகள் உண்டு. இது குறித்த முயற்சி நகர்மன்றத்தில் சில ஆண்டுகளாகவே தோற்றுத் தோற்று எழுந்துவந்தது. கூடங்களின் முதலாளிகளும் சில தொழிற்சங்கங்களும் எதிர்த்தனர். வேலை போகும் என்ற அவர்களின் அச்சமும் வெறும் சாக்கன்று.

குறைக்கப்பட்டது காகிதத்திலுள்ள கொள்ளளவுதானே, பல நிலையங்கள் அந்த அளவை எட்டுவதே இல்லையே என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பயன்படாத கொள்ளளவை வெட்டினால் அன்றைக்கே தெருவில் ஒரு லாரி குறைந்துவிடாது. ஆனால் அனுமதியில் எஞ்சிக்கிடக்கும் டன் என்பது, அந்தத் தெருவின் எதிர்காலத்தின் மீது வைக்கப்பட்ட அடமானம். எங்கேனும் ஒரு நிலையம் மூடப்பட்டால், எங்கேனும் ஒரு வளமான பகுதி தன் நிலையத்தை மறுத்தால், அந்தச் சுமை புதிய விசாரணை ஏதுமின்றி இங்கே வந்து இறங்க வழிவிடுவது அதுதான். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. ஒரு நிலையம் ஒழுங்காக நடக்கிறதா என்ற கேள்வியோடு, ஒரு வட்டாரம் மொத்தம் எவ்வளவு சுமக்கிறது என்ற கேள்வியும் நகரத்தின் அனுமதிக்குள் எண்ணாக நுழைந்தது.

அந்தக் கேள்வி பிறகு மாநிலச் சட்டங்களுக்குள்ளும் புகுந்தது. ஒருகாலத்தில் நியூயார்க்கின் குப்பை தன் கரையில் ஒதுங்கியதற்காக வழக்காடிய நியூ ஜெர்ஸி, 2020-இல் ஒரு சட்டம் இயற்றியது. ஏற்கெனவே சுமை மிகுந்த சமூகத்தில் புதிய நிலையம் விகிதத்துக்கு மீறிய பாதிப்பைக் கூட்டும் என்றால், அனுமதியை மறுக்க வேண்டும் என்றது அது. அதன் பட்டியலில் குப்பை மாற்று நிலையம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 2022-இன் இறுதியில் கையெழுத்தான சட்டமும் அதே வழியைப் பின்பற்றியது; 2024 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின்படி, பின்தங்கிய சமூகங்களைப் பாதிக்கக்கூடிய அனுமதிகளுக்கு, அங்கே ஏற்கெனவே உள்ள சுமையைக் கணக்கிட்டு அறிக்கை தர வேண்டும். அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், 1994-இன் மத்திய அரசாணையைப் புதிய அதிபர் ஆட்சி நீக்கியது. கூட்டல் கணக்கு ஒரு மேசையில் ஏறும்போது இன்னொரு மேசையிலிருந்து இறக்கப்படுகிறது. அரசாணை ஒரு கையெழுத்தில் போய்விடும். சட்டமாக எழுதப்பட்டதை அழிக்க மன்றம் கூட வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஏன் அவ்வளவு காலம் சட்டத்துக்காகக் காத்திருந்தார்கள் என்பதற்கு இதுவே விளக்கம்.

ஃப்ரெஷ் கில்ஸ் மலைகளின் மேல் இப்போது புல் வளர்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில் அதன் வடபகுதியில் ஒரு பங்கு பூங்காவாகத் திறக்கப்பட்டது. பறவை பார்ப்பவர்கள் வருகிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த குப்பை மலையை மூடிப் பசுமையாக்குவது பெரிய சாதனைதான். பல கூடங்களில் பகுதி பகுதியாகப் பிரித்துவைக்கப்பட்ட, மலையாகத் தோற்றமே கொள்ளாத சுமையை அகற்றுவது அதைவிடக் கடினம். அதற்கு முதலில் அதை யாராவது கூட்டிப் பார்க்க வேண்டும். தெருமுனையில் நின்று லாரிகளை எண்ணியவர்கள் அந்த வேலையை அரசுக்கு முன்பே செய்து முடித்திருந்தார்கள். அவர்கள் கண்ட தொகையை அனுமதியின் பக்கத்தில் எழுத நகரத்துக்கு 1990-லிருந்து 2018 வரை இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஹண்ட்ஸ் பாயிண்டில் ஒரு தலைமுறை பிறந்து, பள்ளி முடித்து, வளர்ந்துவிட்டது.